ஹொட் ரொடியும் ஒரு பனங்கட்டிக் குட்டானும்

அன்றைக்கு மத்தியானம் எங்களுடைய வட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி இவ்வளவுதான்: "பின்னேரம் நாலு மணிக்கு வீட்டை வாங்கோ. ஹொட் ரொடி." எங்களில் ஒருத்தி வரும்போது ஒரு சரை கட்டைச்சம்பலோடு வந்தாள். சுடச்சுட ரொட்டி போடப்போகிறோம் என்று நினைத்தாளாம். "ரொட்டி இல்லையடி, ரொடி" என்றதும், "அதென்ன, ரொட்டிக்கு இங்கிலீசோ?" என்று கேட்டாள். சம்பல் வீணாகவில்லை, பாணோடு சாப்பிட்டோம். ஆனால் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் தேடப்போய், அந்தப் பின்னேரம் நாங்கள் நினைத்துப் பார்க்காத ஒரு இடத்துக்குப் போய்விட்டது. அதைத்தான் எழுதுகிறோம்.

நாங்கள் ஐந்து பேர். பேராதனையில் கலைப்பீடம், மூன்றாம் வருடம். யாழ்ப்பாணத்தில் இரண்டு பேர், வவுனியாவில் ஒருத்தன், மட்டக்களப்பில் ஒருத்தி, ஹட்டன் பக்கம் ஒருத்தி. பெடியள் மூன்று பேரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கிற ஒரு பழைய வீட்டின் குசினிதான் எங்கள் எல்லோருக்கும் பொது இடம். அசைன்மென்ற் எழுதுவது, சண்டை பிடிப்பது, சமைப்பது எல்லாம் அங்கேதான். மார்கழி மாதம். நாலு நாளாக மழை விடவில்லை. ஹந்தானை மலை இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாய் ஒரு மறைப்பு. கொடியில் போட்ட உடுப்பெல்லாம் காயாமல் மணக்கத் தொடங்கிவிட்டது. எங்களில் இரண்டு பேருக்குத் தடிமன். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த உடம்புக்கு இந்தக் குளிரே ஒரு வருத்தம் மாதிரித்தான்.

போத்தல் வந்த கதை இது. எங்களில் ஒருத்தனின் சித்தப்பா கனடாவிலிருந்து வந்து நின்றவர். திரும்பிப் போகும்போது, "நீயும் இப்ப பெரிய ஆள்தானே" என்று சொல்லி, பாதி குடித்த ஜொனி வோக்கர் ஒன்றைக் கையில் திணித்துவிட்டுப் போனார். ஒரு மாதமாக அது அல்மாரிக்குள், பழைய பாஸ்ட் பேப்பர்களுக்குப் பின்னால் கிடந்தது.

எங்கள் வீடுகளில் ஸ்கொச் விஸ்கிக்கு என்று ஒரு தனி மரியாதை இருக்கிறது. வெளிநாட்டுக்காரர் வந்தால் போத்தல் வரும். அது ஷோகேசுக்குள் கோப்பைகளோடும் மெடல்களோடும் நிற்கும். குடித்து முடிந்தாலும் எறியமாட்டார்கள். மணிப்பிளான்ற் வைப்பார்கள், ஃபிரிஜ்ஜுக்குள் தண்ணீர் வைப்பார்கள். சாராயப் போத்தல் என்றால் இரவோடு இரவாகப் பழைய போத்தல்காரரின் சாக்குக்குள் போகும். கள்ளு என்றால், அந்தச் சொல்லையே சில வீடுகளில் வாயால் சொல்லமாட்டார்கள். இந்த மூன்றையும் நாங்கள் சின்ன வயதிலிருந்தே பார்த்துக்கொண்டு வந்தோம். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஸ்கொச்சை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தோம். ரொப் ரோய் என்று ஒன்று இருக்கிறது. 1894 இல் நியூயோர்க் வோல்டோர்ஃப் ஹோட்டலில் பிறந்ததாம். அதற்கு இனிப்பு வேர்மூத் வேண்டும். ரஸ்ரி நெய்ல் செய்ய டிராம்பூய் என்கிற தேன் கலந்த விஸ்கி மது வேண்டும். இரண்டும் எங்கள் பொக்கற்றுக்குச் சரிவராது. ஹொட் ரொடிக்கு வேண்டியது தேன், தேசிக்காய், கறுவா, கராம்பு, சுடுதண்ணீர். இது எங்கள் அம்மாமார் தடிமனுக்குக் கொத்தமல்லி அவிக்கிற சாமான்தானே! அதிலே விஸ்கியை விட்டால் சரி. ஸ்கொட்லாந்தில் இது பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து குடிக்கிறார்கள். ரொபேர்ட் பேர்ன்ஸ் 1780களில் எழுதின 'த ஹோலி ஃபெயர்' கவிதையிலேயே ரொடி வருகிறது. அப்போது பணக்கார வீடுகளில் ரொடியைக் கிண்ணத்திலிருந்து கிளாசுக்கு எடுக்க, அடியில் ஓட்டை வைத்த ஒரு கண்ணாடிக் குழாய்கூட வைத்திருந்தார்களாம். மேலே பெருவிரலால் பொத்தினால் உள்ளே நிற்கும், விரலை எடுத்தால் கிளாசுக்குள் ஊற்றும். சயன்ஸ் லாப்பில் பிப்பெற் பிடித்த ஞாபகம் எங்களுக்கு வந்தது.

அடுப்பு மூட்ட முதல் ஒரு கதை நடந்தது. ஹட்டன்காரி சொன்னாள்: "எனக்கு வேணாம். அந்த வாசம் எனக்கு நல்லாத் தெரியும்."

அதற்கு மேல் அவள் விளக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவளுடைய அப்பாவின் சம்பள நாட்களைப் பற்றி எங்களுக்குக் கொஞ்சம் தெரியும். லயத்தில் எத்தனை மணிக்குக் கதவு தட்டப்படும் என்று அம்மாவும் பிள்ளைகளும் காத்திருந்த இரவுகளைப் பற்றி அவள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். "அப்ப நாங்களும் விடுவமா?" என்று ஒருத்தன் கேட்டான். "நீங்க குடிங்க. குடிக்கிறவங்க எல்லாரும் எங்கப்பா இல்ல. எனக்கு மட்டும் விஸ்கி இல்லாமப் போட்டுத் தாங்க, அதே கிளாஸ்ல" என்றாள். அதே கிளாசில் என்று அவள் சொன்னது முக்கியம். குடிக்காதவர்களுக்கு பிளாஸ்ரிக் கப்பில் சோடா கொடுத்து ஒரு மூலையில் இருத்துகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அன்றைக்கு ஐந்து கிளாசும் ஒரே மாதிரித்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த நாட்டில் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது. நாங்கள் எல்லோரும் அதைத் தாண்டிவிட்டோம். ஆனால் பெண்களுக்கு விற்கக்கூடாது என்றும் 1979 இல் ஒரு அறிவித்தல் வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சு அதை நீக்கியது. சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதி தலையிட்டு அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறவைத்தார். மட்டக்களப்புக்காரி இதைச் சொல்லிச் சிரித்தாள். "குடிக்கிற உரிமைக்காக நான் கொடி பிடிக்கப்போறதில்ல. ஆனா வீட்டில அடி வாங்கிறது பொம்பிளை, கடையில நிக்கக்கூடாததும் பொம்பிளை. இந்தக் கணக்குத்தான் எனக்கு விளங்கல்ல."

சரி, இனிச் செய்முறை. முதல்தரம் நாங்கள் பிழைவிட்டோம். கொத்தமல்லி அவிக்கிற பழக்கத்தில் எல்லாவற்றையும் ஒரு சட்டியில் போட்டு, விஸ்கியையும் விட்டுக் கொதிக்கவைத்தோம். குசினி முழுக்க மணம். கிளாசுக்குள் ஒன்றுமில்லை. மதுசாரம் ஏறத்தாழ 78 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும், தண்ணீர் கொதிக்க முதலே அது ஆவியாகத் தொடங்கிவிடும். சித்தப்பாவின் போத்தலில் கால்வாசியை யன்னலால் ஹந்தானைக்கு அனுப்பிவிட்டுத்தான் இதைப் படித்தோம்.

இரண்டாம்தரம் இப்படிச் செய்தோம். நீங்களும் செய்யலாம்.

ஒரு கிளாசுக்கு விஸ்கி 50 மில்லிலீற்றர். எங்களிடம் அளவுக்கோப்பை இல்லை. பாணி மருந்துப் போத்தலோடு வருகிற 10 மில்லிலீற்றர் மூடியால் ஐந்து தரம் அளந்தோம். தேன் இரண்டு தேக்கரண்டி. தேசிக்காய்ப் புளி ஒன்றரைத் தேக்கரண்டி. அங்கே அவர்கள் விடுவது மஞ்சள் லெமன். எங்கள் தேசிக்காய் அதைவிடக் கூர்மையானது, அதனால் கொஞ்சம் குறைத்து விடுங்கள். கறுவாப்பட்டை ஒரு விரல் நீளம். கராம்பு மூன்று, அதற்கு மேல் போட்டால் பல்வலி மருந்து குடிப்பது மாதிரி இருக்கும். தண்ணீர் 150 மில்லிலீற்றர்.

முதலில் கிளாசுக்குள் சுடுதண்ணீர் விட்டுச் சுழற்றி ஊற்றிவிடுங்கள். குளிர்ந்த கிளாஸ் வெடிக்கும், வெடிக்காவிட்டாலும் பானத்தின் சூட்டை அது குடித்துவிடும். கண்ணாடி மெல்லியது என்றால் உள்ளே ஒரு கரண்டியை வைத்துவிட்டு ஊற்றுங்கள். பிறகு தேன், கறுவா, கராம்பு. கேத்தில் கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றித் தேன் கரையும்வரை கலக்குங்கள். இரண்டு மூன்று நிமிடம் மூடிவையுங்கள், கறுவா இறங்கட்டும். அதன் பிறகு தேசிக்காய். கடைசியில்தான் விஸ்கி. விஸ்கி விட்ட பிறகு திரும்ப அடுப்புக்குக் கொண்டுபோகக்கூடாது. அவ்வளவுதான் வேலை. விலைகூடிய விஸ்கி இதற்குத் தேவையில்லை. 12 வருடம், 18 வருடம் என்று போட்டிருக்கிறதைத் தேனுக்குள் விட்டுக் கெடுப்பது பாவம்.

ஹட்டன்காரிக்கு இதே முறைதான், விஸ்கிக்குப் பதிலாக இஞ்சி தட்டிப்போட்டு அவித்த கொத்தமல்லித் தண்ணீர். உண்மையைச் சொன்னால், தடிமன்காரர் இரண்டு பேரும் பிறகு அவளுடைய கிளாசைத்தான் எட்டிப் பார்த்தார்கள்.

தடிமனுக்கு விஸ்கி மருந்து என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மதுசாரம் தோலுக்குக் கிட்ட இருக்கிற இரத்தக் குழாய்களை விரிக்கும், அதனால் சூடான மாதிரி இருக்கும். உண்மையில் உடம்பு சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். சுகம் தருவது சூடும் இனிப்பும் புளியும்தான். 2008 இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில், தடிமன்காரருக்குச் சூடான பழப்பானம் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று இதைத்தான் காட்டியது. அதில் விஸ்கி ஒரு துளியும் இல்லை. இன்னொன்று, காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் எடுத்த நாளில் விஸ்கியைத் தொடாதீர்கள். இரண்டும் சேர்ந்து ஈரலில்தான் கைவைக்கும்.

ஆனால் மருந்தில்லை என்பதற்காகச் சந்தோசம் இல்லை என்று சொல்லமுடியாது. இரண்டு கையாலும் கிளாசைப் பிடித்துக்கொண்டு, மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் முதலில் கறுவா வரும். பிறகு தேன். அதற்குக் கீழே, தூரத்தில் யாரோ சருகு கொளுத்துகிற மாதிரி மெல்லிய புகை. அது விஸ்கியினுடையது. ஸ்கொட்லாந்தில் சில இடங்களில் முளைவிட்ட பார்லியைப் பீற் என்கிற சதுப்புநிலக் கரிமண்ணை எரித்துத்தான் காயவைப்பார்கள், அந்தப் புகை பிறகு எத்தனை வருடம் பீப்பாய்க்குள் கிடந்தாலும் போகாது. ஸ்கொச் என்று பெயர் போடுவதென்றால் ஸ்கொட்லாந்திலேயே காய்ச்சி, அங்கேயே ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் கிடந்திருக்கவேண்டும், மதுசாரம் 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. இவ்வளவு கட்டுப்பாட்டோடு வந்த சாமானை நாங்கள் பாணி மருந்து மூடியால் அளந்து குடித்தோம். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஒருத்தரும் போனைத் தொடவில்லை. நல்ல பின்னேரம்.

ஸ்கொட்லாந்து எவ்வளவு தூரம் என்று ஒருத்தன் கேட்டான். ஹட்டன்காரி, "எங்க பக்கம் முழுக்க ஸ்கொட்லாந்துதான்" என்றாள். தலவாக்கலையில் ஹோலிரூட் தோட்டம். எடின்பரோவில் அது அரண்மனையின் பெயர். பூண்டுலோயாவில் டன்சினன். அது மக்பெத்தில் வருகிற மலை. லூல்கந்துரவில் 1867 இல் தேயிலை நட்ட ஜேம்ஸ் ரெய்லர் ஸ்கொட்லாந்தின் கின்காடின்ஷயர்காரர். "பங்களாவுல விஸ்கி, லயத்துல கசிப்பு. ரெண்டு பக்கமும் தண்ணி தூக்குனது எங்க ஆளுங்கதான்" என்று சொல்லிவிட்டுத் தன் கொத்தமல்லியை ஊதி ஊதிக் குடித்தாள்.

அப்போதுதான் சம்பல்காரி திரும்பவும் கேட்டாள். "அதுசரி, ரொடி எண்டா என்ன?"

போனை எடுத்தோம். பல கதை இருந்தது. டப்ளினில் பிறந்த ரொட் என்று ஒரு டொக்ரர் நோயாளிகளுக்குச் சூடான பிராண்டி எழுதிக்கொடுத்தாராம், அவருடைய பெயர்தானாம். ஆனால் அவர் பிறந்தது 1809 இல். பேர்ன்ஸ் அதற்கு முதலே எழுதிவிட்டார், சரிவராது. எடின்பரோவில் ரொட்ஸ் வெல் என்று ஒரு கிணறு, அதன் தண்ணீரில் செய்ததாலாம். கடைசியில் அகராதியைப் பார்த்தோம். ஹிந்திச் சொல், தாடி. "தாடியோ?" என்று தாடி வைத்தவனின் முகத்தைப் பார்த்துச் சிரித்தோம். ஹிந்தியில் தாட் என்றால் பனை, தாடி என்றால் பனையில் இறக்குகிற கள்ளு. சமஸ்கிருதத் தாலத்திலிருந்து வந்தது. எங்கள் தமிழிலும் பனைக்குத் தாலம் என்று ஒரு பெயர் இருக்கிறதே, அதேதான். இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரர் 1600களில் அந்தச் சொல்லைத் தங்கள் மொழிக்குள் கொண்டுபோனார்கள். அது போய்ப் போய், கடைசியில் குளிர்நாட்டில் சுடுதண்ணீரும் விஸ்கியும் கலந்த கிளாசுக்குப் பெயராகிவிட்டது.

"அப்ப நாங்கள் இவ்வளவு நேரமும் குடிச்சது சுடுகள்ளோ!" என்று ஒருத்தன் கத்தினான். பெரிய சிரிப்பு. "வெள்ளைக்காரனும் தவறணைக்குப் போனவன்தான் மச்சான்." ஒருத்தன் எழும்பி, வெறியில் தள்ளாடி நடக்கிற மாதிரி நடித்தான். ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீ, நல்ல பெயரா வைச்சிருக்கலாம்" என்றாள். இவர்கள் யார் யார் என்று நாங்கள் இங்கே பிரித்து எழுதவில்லை. நாங்கள் என்றுதான் எழுதுகிறோம். எல்லோரும்தான் சிரித்தோம்.

ஒருத்தன் மட்டும் சிரிக்கவில்லை. கிளாசை மேசையில் வைத்தான். யாழ்ப்பாணத்துக்காரர் இரண்டு பேரில் ஒருத்தன்.

"என்ர அப்பப்பா கள்ளுச் சீவுறவர்" என்றான். "இப்பவும்."

மழைச் சத்தம் திடீரென்று கூடின மாதிரி இருந்தது.

மூன்று வருடம். ஒரே வீடு, ஒரே சட்டிச் சோறு. எங்களுக்குத் தெரியாது. அவன் பொய் சொல்லவில்லை. அப்பா மேசன் என்று சொல்லியிருந்தான், அது உண்மை. அப்பப்பா தோட்டம் என்று சொல்லியிருந்தான். அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று கேட்க எங்களுக்கு வாய் வந்தது. நல்லகாலம், கேட்கவில்லை. ஏனென்றால் எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முதலாம் வருடத்து முதல் கிழமை ஞாபகம் வந்தது. கன்ரீன் மேசை. "யாழ்ப்பாணமோ? எந்த ஊர்?" "ஊரில எந்தப் பக்கம்?" "எந்தக் கோயிலடி?" "அப்பா என்ன செய்யிறார்? அப்பப்பா?" பார்க்க எல்லாம் சாதாரண கேள்விகள். ஒன்றுக்குப் பின் ஒன்றாக வலையைச் சுருக்கிக்கொண்டு வந்து, கடைசியில் ஒரு சொல்லில் வந்து நிற்கிற கேள்விகள். அதைக் கேட்டது நாங்கள். எங்களுக்குத் தெரியாமலே கேட்டோம் என்று சொல்ல ஆசைதான். அது பாதிதான் உண்மை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருத்தருக்கு அந்தக் கேள்விகள் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியாமல் இருக்காது.

இதில் வெட்கம் என்னவென்றால், இந்த விசயம் எங்களுக்குப் பாடம். 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பற்றி ஐந்து பக்கம் எழுதுவோம். 1968 மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம், தேநீர்க்கடைப் பிரவேசம், டானியலின் 'பஞ்சமர்' எல்லாம் சோதினையில் எழுதிப் புள்ளி எடுத்தோம். தேநீர்க்கடைகளில் சிலருக்கு மட்டும் வேறு பாத்திரத்தில் தேத்தண்ணி கொடுத்ததைப் பற்றிக் கோபமாக எழுதினோம். அந்தச் சோதினைக்கு எங்களோடு இருந்து, இரவு இரவாகப் படித்தவன், எங்கள் முன்னால் தன்னுடைய அப்பப்பாவை ஒளித்து வைத்திருந்தான்.

நீண்ட நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை. பிறகு அவனே எழும்பி அறைக்குள் போய், தன்னுடைய பையிலிருந்து ஒரு குட்டானைக் கொண்டுவந்து வைத்தான். பனையோலையில் பின்னின சின்னக் குட்டான், உள்ளே பனங்கட்டி. லீவு முடிந்து வரும்போதெல்லாம் அவன் கொண்டுவருவான். நாங்கள் அடிபட்டுத் தின்போம். யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டில் வாங்கினது என்று சொல்வான்.

"இது பஸ் ஸ்ராண்டில வாங்கினதில்லை. அப்பம்மா காய்ச்சிறது."

எப்படிக் காய்ச்சுவது என்று அவன் சொன்னான். அன்றைக்குத்தான் நாங்கள் முதல்முதலாக அதைச் சரியாகக் கேட்டோம். பாளையைத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, முட்டியைக் கட்டிவிடுவார். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் இறங்குவது புளிக்காது, கருப்பணி. பூசாவிட்டால் இறங்கும்போதே நொதிக்கத் தொடங்கும், அது கள்ளு. கருப்பணியைத் தாச்சியில் விட்டுக் காய்ச்சினால் பனங்கட்டி. காலைமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா ஏறவேண்டும். ஒருநாள் விட்டால் பாளை பழுதாகிவிடும். அதனால் அவருக்கு நல்லநாள் பெருநாள் இல்லை.

ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கை. வித்தியாசம் ஒரு விரல் சுண்ணாம்பு. ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்ச எல்லா வீட்டுக்கும் பனங்கட்டி வேண்டும். அதை மரத்திலிருந்து இறக்கினவருக்கு அதே வீடுகளில் படலைக்கு அங்காலே இடமில்லை. அதே மரத்தின் பெயர் வெள்ளைக்காரனின் கிளாசில் ஏறித் திரும்பி வந்தால் அது கொக்ரெயில், ஷோகேசுக்குக் கிட்ட வைக்கலாம்.

"இன்னொண்டு போடுவமா?" என்று அவன்தான் கேட்டான். "தேன் வேண்டாம். இதைப் போடுங்கோ."

பனங்கட்டியைச் சீவி, கிளாசுக்கு ஒரு மேசைக்கரண்டி. சுடுதண்ணீரில் கரைத்து வடித்தோம், அடியில் கொஞ்சம் மண்டி நிற்கும். தேசிக்காய் ஒரு தேக்கரண்டி போதும். கராம்பை விட்டுவிட்டோம், கறுவா மட்டும். விஸ்கி கடைசியில். விஸ்கியின் புகையும் பனங்கட்டியின் கருகல் மணமும் ஒன்றை ஒன்று தெரிந்தவை மாதிரி சேர்ந்துகொண்டன. தேன் போட்டதைவிட இது நல்லது. இரக்கத்தில் சொல்லவில்லை, செய்து பாருங்கள். விஸ்கி இல்லாமல், இஞ்சி போட்டும் நல்லாயிருக்கிறது. ஹட்டன்காரி இரண்டு கிளாஸ் குடித்தாள்.

மன்னிப்புக் கேட்டோமா என்று கேட்பீர்கள். கேட்டோம். அவன், "சரி விடுங்கோ" என்றான். அது சரி ஆகிவிட்டது என்று பொருளில்லை என்பது எங்களுக்குத் தெரியும். விடுதிக் கதவு பூட்ட முதல் போகவேண்டியவர்கள் குடையை எடுத்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் கிளாஸ் கழுவினார்கள். இந்தக் கட்டுரையைப் போட முதல் அவனிடம் காட்டினோம். ஒரேயொரு இடத்தில் வெட்டச் சொன்னான். ஊரின் பெயரை. "பெயர் இருந்தால் வாசிக்கிறவை முதல் அதைத்தான் பார்ப்பினம்" என்றான்.

சித்திரை லீவில் அந்த ஊருக்குப் போனோம். அவன் கூப்பிட்டானா, நாங்கள் கேட்டோமா என்று இப்போது சரியாகச் சொல்லமுடியவில்லை. அப்பப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மூன்று மரம் மட்டும்தான் இப்போது ஏறுகிறார். நெஞ்சிலும் உள்ளங்காலிலும் தோல் மரப்பட்டை மாதிரி. எங்களைக் கண்டதும் கதிரைகளைத் துடைத்துப் போட்டார். தான் திண்ணை ஓரத்தில் நின்றுகொண்டார். சைக்கிளில் ஆளனுப்பி வாங்கிவைத்திருந்த சோடாப் போத்தல்களை எங்கள் முன்னால் வைத்தார். மூடி திறக்காத போத்தல்கள்.

எங்களில் மூன்று பேருக்கு அது உபசாரம் மாதிரித்தான் தெரிந்தது. யாழ்ப்பாணத்து மற்ற ஆளுக்கு மட்டும் விளங்கியது. இந்த வீட்டுப் பாத்திரத்தில் நாங்கள் குடிப்போமோ மாட்டோமோ என்று அவருக்குத் தெரியாது. எங்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று, தன்னுடைய மரியாதையைத் தானே காப்பாற்றிக்கொண்டு, அவர் கண்டுபிடித்த வழி அந்த மூடி. எத்தனை வருடத்துப் பழக்கமாக இருக்கும் அது!

"அப்பப்பா, கருப்பணி இல்லையோ?"

அவர் பேரனைப் பார்த்தார். பேரன் தலையை ஆட்டினான். அவர் உள்ளே போய் ஒரு குருத்தோலை எடுத்துவந்து, ஒவ்வொருவருக்கும் ஒரு பிளா கோலித் தந்தார். முட்டியிலிருந்து வடித்து ஊற்றினார். குளிர்ச்சியாய், பச்சை ஓலை மணத்தோடு, தொண்டைக்குள் ஒரு இனிப்பு. "நீங்களும் இருங்கோ, அப்பப்பா" என்றோம். கொஞ்சம் யோசித்துவிட்டு இருந்தார்.

ஹொட் ரொடிக் கதையைச் சொன்னோம். சீமையில் கள்ளின் பெயரை வைத்து, சுடுதண்ணீரில் விஸ்கி விட்டுக் குடிக்கிறார்கள் என்று. அவர் நம்பவில்லை. "கள்ளைச் சுடவைக்கிறதோ? விசரே அவங்களுக்கு?" என்று கேட்டு, முட்டியில் தட்டித் தட்டிச் சிரித்தார். அப்பம்மா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தார்.

பிளாவைப் பற்றி எங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அதைக் கீழே வைக்க ஏலாது. வைத்தால் சரிந்து ஊற்றுப்பட்டுவிடும். குடித்து முடியும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். நாங்கள் ஐந்து பேரும் அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தோம். சோடாப் போத்தல்கள் மூடி திறக்காமலே மேசையில் நின்றன.